கயிறு பிடிக்காதவனின் கார்புரேட்டர்

ஜப்பானியக் கணக்கில் ஹெய்செய் ஒன்பதாம் ஆண்டு, அதாவது 1997, ஜூன் பதினோராம் தேதி காலை பத்தே முக்கால் மணியிலிருந்து, கசுரா துறையில் நகசே தெய்ஜியின் பட்டறையில் நின்றிருந்த வெள்ளைக் காரின் இஞ்சின், அவன் மனைவி மிசாவோ கடலுக்குள் மூழ்கும்போதெல்லாம் தானாக நின்று, அவள் மேலே வந்து மூச்சு விட்டதும் தானாக ஓடத் தொடங்கியது. அன்றைக்குக் கடல்நீரின் வெப்பம் பத்தொன்பது டிகிரி. அபலோன் சிப்பி கிலோ எட்டாயிரத்து இருநூறு யென்னுக்குப் போனது, முந்தின நாளைவிட முந்நூறு குறைவு. ஊரில் பாதிப் பேர் அந்த முந்நூறைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் துறையில் மூழ்குவது பெண்களின் தொழில். அந்த வருடம் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். படகில் போகிறவளுக்குப் புருஷன் கயிறு பிடிப்பான். ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை அவன் கையில். கீழிருந்து அவள் கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இழுக்க வேண்டும். தெய்ஜிக்கு அது கொடுத்துவைக்கவில்லை. கல்யாணமான முதல் வாரம் படகில் ஏறியவன், துறைமுகச் சுவரைத் தாண்டுவதற்குள் குடல் வெளியே வரும்படி வாந்தி எடுத்து, கயிற்றையும் நழுவவிட்டான். மிசாவோ அதைப் பெரிதுபடுத்தவில்லை. மிதவை வளையம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு கரையிலிருந்தே நீந்திப் போய், கயிறில்லாமல் மூழ்குகிற ஐந்து பேரோடு ஆறாவதாகச் சேர்ந்துகொண்டாள். அந்த ஐந்து பேரும் விதவைகள். கூட்டுறவுச் சங்கப் பதிவேட்டில் ஒவ்வொருத்தியின் பெயருக்கு எதிரிலும் 'கயிறு பிடிப்பவர்' என்று ஒரு கட்டம் உண்டு. புருஷன் குத்துக்கல்லாக உயிரோடு இருந்தும் அந்தக் கட்டம் இருபத்தெட்டு வருடமாகக் காலியாகக் கிடந்தது மிசாவோவுக்கு மட்டும்தான்.

அந்த விதவைகளில் மூத்தவள் தொகி. அறுபது வயது. அவள் வாய்க்குப் பூட்டுப் போட்டவர் இந்தத் துறையில் யாரும் இல்லை. தெய்ஜியைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மாப்ள, மழைத்தண்ணி தேங்கி நிக்குது, பாத்துத் தாண்டு, வாந்தி வந்துரப் போவுது" என்பாள். தெய்ஜி சிரித்துக்கொண்டே தாண்டிப் போவான். வேறு என்ன செய்வது?

வெள்ளைக் கார் மட்சுசாகா நகரில் இருந்த குரிமோதோ என்ற ஓய்வுபெற்ற பல் டாக்டருடையது. முப்பது வயதான வண்டி. ஆறு சிலிண்டர், இரண்டு கதவு, பக்கவாட்டில் ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு கார்புரேட்டர்கள். பதினோரு வருடம் கொட்டகையில் கிடந்ததில் உள்ளே பெட்ரோல் காய்ந்து கோந்தாகப் பிடித்திருந்தது. தெய்ஜி அவற்றைக் கழற்றி, ஒவ்வொரு துண்டையும் மருந்துத் தண்ணீரில் ஊறவைத்து, பித்தளைத் துளைகளை மீன்முள்ளை விட மெல்லிய கம்பியால் குத்தி, மிதவையின் உயரத்தை அளந்து வளைத்து, தேய்ந்துபோன அச்சுக்குப் புது உறை போட்டு, கேஸ்கெட்டுகளைத் தானே வெட்டிப் பொருத்தினான். ஒன்பது நாள் வேலை. அதில் ஒரு குறையும் கிடையாது. எங்கள் ஊர்க்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை.

கடைசி வேலை இரண்டையும் ஒத்துப்போக வைப்பது. இரண்டும் ஒரே அளவு காற்றை உறிஞ்ச வேண்டும். ஒன்று கூட, ஒன்று குறைய உறிஞ்சினால் இஞ்சின் நொண்டும். அதற்குக் கருவி இருக்கிறது. தெய்ஜியின் கருவியில் கண்ணாடி உடைந்திருந்தது. அதனால் பழைய ஆட்கள் செய்வதுபோல ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாற்றி மாற்றிக் காட்டி, உள்ளே போகும் காற்றின் 'ஸ்ஸ்' சத்தத்தைக் கேட்டான். வேறு ஊர் மெக்கானிக்காக இருந்தால் இந்த நேரத்தில் ஜன்னலைச் சாத்தியிருப்பான். தெய்ஜி சாத்தவில்லை. பத்திலிருந்து பதினொன்றரை வரை விரிகுடா முழுக்கச் சீழ்க்கை. மேலே வரும் ஒவ்வொரு பெண்ணும் அடக்கிய மூச்சை உதடு குவித்து விடும்போது எழுகிற சத்தம் அது. ஆளுக்கு ஆள் மாறும்; முப்பத்தொன்றில் தன் வீட்டுச் சீழ்க்கை எது என்று எங்கள் ஊரில் எந்த ஆம்பிளைக்கும் தூக்கத்தில்கூடத் தெரியும். தெய்ஜியின் ஒரு காதில் குழாய், மறு காது சும்மா. குழாய்க் காதும் சும்மாக் காதும் ஒரே சத்தத்தைக் கேட்கிற வரையில் அவன் கை திருகைத் திருகிக்கொண்டே போயிற்று. முன் கார்புரேட்டர் முதலில், பின் கார்புரேட்டர் பிறகு. இரண்டும் கனகச்சிதமாகச் சேர்ந்த நொடியில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். சாவியைத் திருப்பி அணைத்தான். இஞ்சின் அணையவில்லை.

பழைய இஞ்சின்கள் சாவியை எடுத்த பிறகும் நாலு தடவை இருமிவிட்டுத்தான் சாகும். இது இருமவில்லை, சாகவும் இல்லை. மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கி, சாதுவாக ஓடிக்கொண்டே இருந்தது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினான், ஓடிற்று. பிறகு திடீரென்று நின்றது. அப்பாடா என்று அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, ஐம்பது எண்ணுகிற நேரம் கழித்து, கடலில் அவன் பெண்டாட்டியின் சீழ்க்கை கேட்டது. அதே மூச்சில் இஞ்சினும் பிடித்துக்கொண்டது. தற்செயல் என்று நினைத்தான். பதினொன்றரைக்குள் அந்தத் தற்செயல் பதினேழு தடவை நடந்தது.

மத்தியானம் மிசாவோ வீடு திரும்பி, பட்டறையை ஒட்டிய சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். இஞ்சினை நிறுத்த வேறு வழியில்லாமல் தெய்ஜி எந்த மெக்கானிக்கும் செய்வதைச் செய்தான்: இரண்டு கார்புரேட்டர்களின் வாயையும் இரண்டு உள்ளங்கைகளால் பொத்தினான். இஞ்சின் திணறியது. சமையலறையில் பாத்திரம் விழுந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் மிசாவோ தொண்டையைப் பிடித்துக்கொண்டு, உதடு நீலம் பாய்ந்து, மீனைப்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவன் கையை எடுத்தான். அவளுக்கு மூச்சு வந்தது.

"என்னங்க பண்ணீங்க?" என்றாள், தரையில் உட்கார்ந்தபடி.

"ஒண்ணும் பண்ணலியே. கார்புரேட்டர் வாயைப் பொத்தினேன்."

"வண்டி வாயைத்தானே பொத்தினீங்க? என் மூச்சு எதுக்கு அடைச்சுச்சு?"

தெய்ஜி சுண்டுவிரலை மட்டும் முன் கார்புரேட்டர் வாயோரம் வைத்தான். அவள் செருமினாள். கொஞ்சம் தள்ளி வைத்தான். இருமினாள்.

"போதும், போதும்! எடுங்க கையை! வெளையாட்டுச் சாமானா நானு?"

அவனுக்கு அன்றைக்குப் பிடித்த பயம் பல வாரம் விடவில்லை. கழற்றித் தொலைத்துவிடலாம் என்று ஒரு நட்டைத் தளர்த்தியபோது மிசாவோ விலாவைப் பிடித்துக்கொண்டு அலறினாள். திருகைக் கால் சுற்று இறுக்கினால் அவள் நகக்கண் வெளுத்தது; கால் சுற்றுத் தளர்த்தினால் கரிக்கரியாகச் சளி துப்பினாள். பேட்டரி ஒயர் உட்பட எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, திருகின் தலையில் சிவப்புப் பெயிண்ட் வைத்து அசையாமல் செய்தான். பட்டறைக் கதவை இரவும் பகலும் திறந்தே வைத்து, புகைக்குழாயைத் தெருவுக்கு நீட்டினான். பெட்ரோல் முள் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. மிசாவோ வேளைக்கு மூன்று கிண்ணம் சோறு அதிகமாகச் சாப்பிட்டாள்.

கடலுக்குப் போகாதே என்று அவன் சொல்லிப்பார்த்தான்.

"தினம் நாப்பது தடவ மூச்சடக்கறேன், இன்னைக்கு நேத்தா? முப்பத்தினாலு வருஷமா," என்றாள் அவள். "அப்பல்லாம் நீங்க ரேடியோவைத் திருகிவிட்டுட்டு பேஸ்பால் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. இப்ப சத்தம் நின்னா மட்டும் உசுரு போவுதாக்கும்?"

"போவுது."

"போவட்டும். கொஞ்சம் போயிட்டுத்தான் வரட்டும்."

அதில் நியாயம் இருந்தது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. அவள் தொழில் எப்படிப்பட்டது என்று அவனுக்கு அதுவரை தெரியாது. தெரியாததால்தான் நிம்மதியாக இருந்திருக்கிறான். இப்போது இனி மூழ்கலாம் என்று துறை ஒலிபெருக்கி பத்து மணிக்கு ஊதியதும் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுக் காரின் முன் உட்கார்ந்துவிடுவான். இஞ்சின் நிற்கும். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பான். நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. நாற்பத்தாறு. கை நிறையச் சிப்பி கண்டுவிட்டால் பேராசையில் ஐம்பத்தெட்டு வரை போவாள். அந்தக் கடைசி எட்டு விநாடியும் அவனும் மூச்சு விடமாட்டான். ஒரு காலையில் நாற்பது தடவை பெண்டாட்டி செத்து நாற்பது தடவை பிழைப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த மனுஷன் தாங்குவான்? ஜூலைக்குள் ஆறு கிலோ இளைத்தான். வேறு வண்டி எதையும் வேலைக்கு எடுக்கவில்லை. பெண்கள் தலைத்துணியில் ஊதா நூலால் தைத்துக்கொள்கிற நட்சத்திரத்தைக் கார்புரேட்டர் மூடியில் ஊசியால் கீறினான். கையெடுக்காமல் ஒரே கோட்டில் போட்டு, தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிக்க வேண்டிய நட்சத்திரம் அது. போனவள் திரும்புவாள் என்று அர்த்தம். ஊசி வழுக்கியதில் முடிவு தொடக்கத்தைத் தொடாமல் அரிசியகலம் தள்ளி நின்றுவிட்டது. மறுபடி கீறவும் பயம், அப்படியே விடவும் பயம்.

குரிமோதோ டாக்டர் ஜூலை இருபத்தைந்தாம் தேதி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தெய்ஜி கழிவறையில் இருந்தான். மிசாவோ அப்போதுதான் மூழ்கியிருந்தாள், அதனால் கார் அமைதியாக நின்றது. டாக்டர் தன் காரில் ஏறி, அதிலேயே தொங்கிய தன் சாவியைத் தானே திருப்பி, ஆசையாக ஒரு மிதி மிதித்தார். இஞ்சின் உறுமிக்கொண்டு எழுந்தது. ஏழு மீட்டர் ஆழத்தில் மிசாவோவின் நெஞ்சு அவளைக் கேட்காமல் விரிந்தது. கடல் உள்ளே போயிற்று. பக்கத்தில் இருந்த தொகி அவள் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்தாள். பட்டறையில் கார் இருமி இருமிப் புகைக்குழாய் வழியாக ஒரு வாளி உப்புத் தண்ணீரையும், விரல் நீளத்தில் ஒரு பாசியையும் தெருவில் துப்பியது.

டாக்டர் இறங்கி, அந்தத் தண்ணீரை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். கழிவறையிலிருந்து ஓடிவந்த தெய்ஜி எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டுத் தரையில் மண்டியிட்டு நெற்றி பட வணங்கினார்.

"நகசே சான், நாப்பது வருஷம் அடுத்தவங்க வாயைத் தொறந்து வச்சு வேலை பாத்தவன் நான். மூச்சு போற வழில கை வெக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வச்சுட்டேன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்? சாவியை மட்டும் என்கிட்ட குடுத்துருங்க."

கொடுத்தார். தெய்ஜி அதை முன்னோர் மாடத்தில், அப்பாவின் படத்துக்குப் பின்னால் வைத்தான். இஞ்சின் நின்றிருக்கும்போது சாவியைத் தொட்டால் அவளுக்குள் கடல் போகும் என்று தெரிந்ததில் அவன் பயம் இரட்டிப்பானது. முன்பு ஏதாவது நேர்ந்தால் சாவியைத் திருப்பி அவளைப் பிழைக்க வைத்துவிடலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் இல்லை.

சிப்பிக்குத் தடை விழுவதற்கு முந்தின நாள், செப்டம்பர் பதினாலு, அந்தப் பருவத்தின் கடைசி மூழ்கல். எங்கோ தெற்கே திரிந்த புயலால் அடிநீர் இழுத்தது. "இன்னைக்கு வேண்டாம் மிசாவோ" என்றான் தெய்ஜி. கூப்பிட வந்த தொகி வாசலிலிருந்தே, "நீ வேணும்னா வந்து கயித்தைப் புடியேன் மாப்ள" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள்.

இருபத்து மூன்றாவது தடவை இஞ்சின் நின்றது. நாற்பது. ஐம்பது. பேராசை என்று நினைத்தான். அறுபதில் எழுந்து நின்றான். எழுபதில் கதவு வரை ஓடினான். கரை இருநூறு தப்படி, அங்கே போய் நீந்தத் தெரியாத அவன் என்ன கிழிக்கப்போகிறான் என்று திரும்பி ஓடிவந்தான். கண் தானாக முன்னோர் மாடத்துக்குப் போனது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். எண்பத்தைந்து. எந்தச் சீழ்க்கையும் அவளுடையது அல்ல. ஊரே சத்தமாக இருந்தது, அந்த இஞ்சின் மட்டும் செத்துக் கிடந்தது. தன் உள்ளங்கை பட்ட நாளில் அவள் உதடு நீலம் பாய்ந்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. பொத்தினால் அடைக்கிற வாய், ஊதினால்?

பின் கார்புரேட்டரின் வாயை இடது கையால் இறுக்கிப் பொத்தினான், ஊதுகிற காற்று அந்த வழியாக ஓடிவிடக் கூடாது. முன் கார்புரேட்டரின் வாயில் தன் வாயை வைத்தான். பித்தளையும் பெட்ரோலும் நாக்கைச் சுட்டன. கரி அடுப்பில் நெருப்பு அணையாமல் ஊதுகிற மாதிரி மெதுவாக, நெஞ்சில் இருந்ததை எல்லாம் விட்டான். மூக்கால் இழுத்து மறுபடி விட்டான். மூன்றாம் தடவை ஊதும்போது அழுதுகொண்டிருந்தான். நூற்றுப் பன்னிரண்டாவது விநாடியில் கடலில் ஒரு சீழ்க்கை கிழிந்துகொண்டு எழுந்தது. இஞ்சின் பிடித்தது, பிடித்த வேகத்தில் கார்புரேட்டர் வாயிலிருந்து ஒரு முழம் நெருப்பு பாய்ந்து அவன் இரண்டு புருவத்தையும் பாதி மீசையையும் கொண்டுபோனது.

மூழ்கி வந்த பெண்கள் முதலில் தீக்குடிசைக்குப் போய்க் குளிர் காய்வதுதான் வழக்கம். மிசாவோ அன்றைக்கு நேராகப் பட்டறைக்கு வந்தாள். தண்ணீர் சொட்டச் சொட்ட, வலது மணிக்கட்டில் ரத்தத்தோடு. பின்னால் தொகி.

"ஊதினது நீங்களா?"

தெய்ஜி தலையாட்டினான்.

"சிப்பி நெம்பற உளி பாறை இடுக்குல மாட்டிக்கிச்சு. உளியைக் கட்டியிருந்த வார் கையை விட்டு வரல. அவ்வளவுதான்னு நான் விட்டுட்டேங்க. நெசமா விட்டுட்டேன்." அவள் ஒரு மூச்சு இழுத்து விட்டாள். இஞ்சினும் இறங்கி ஏறியது. "அப்ப நெஞ்சு தானா ரொம்புச்சு. வெதுவெதுன்னு. சரி, இன்னும் நேரம் இருக்குன்னு வாரைப் பல்லால கடிச்சு அவுத்தேன்."

"பயந்துட்டேன்" என்றான் தெய்ஜி.

"பயந்தீங்களா? என் வாயெல்லாம் ஒரே சிகரெட் நாத்தம். நாலு ஆள் ஆழத் தண்ணிக்கு அடியில, சாவப்போற நேரத்துல, சிகரெட் நாத்தம்!" அப்போதுதான் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். புருவமில்லாத அந்த முகம் உரித்த முட்டை மாதிரி இருந்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். கார் குலுங்கி, இரண்டு தடவை அணையப்போய், பிடித்துக்கொண்டது. "இன்னொரு தடவ ஊதறதா இருந்தா வாயைக் கொப்பளிச்சிட்டு ஊதுங்க."

தொகி சிரிக்கவில்லை. ஈர உடையோடு கூட்டுறவுச் சங்கத்துக்குப் போய்ப் பதிவேட்டை எடுக்கச் சொன்னாள்.

"படகு இல்லாம கயிறு புடிக்கறவர்னு எப்படிம்மா எழுத முடியும்?" என்றார் எழுத்தர்.

"கயிறே இல்லாம இழுத்திருக்கான். எழுதுய்யான்னா எழுது."

எழுத்தர் எழுதினார். மை கொஞ்சம் மங்கியிருந்தாலும் பெயர் இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

குரிமோதோ டாக்டர் காரைக் கேட்கவில்லை. மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்து, கையுறை போட்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒரு மணி நேரம் எதையும் தொடாமல் உட்கார்ந்துவிட்டு, ஊறுகாய்ப் பொட்டலம் வாங்கிக்கொண்டு போவார். ஏழு வருடம் கழித்து இறந்தபோது, கார் அது நிற்கிற இடத்துக்கே சொந்தம் என்று உயிலில் எழுதியிருந்தார். தொகி எழுபத்து மூன்றில் கடலை நிறுத்தினாள். அதற்குப் பிறகும் தெய்ஜியை மாப்ள என்றுதான் கூப்பிட்டாள், ஆனால் மழைத்தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. மிசாவோ நிறுத்தவில்லை. அறுபத்தைந்துக்கு மேல் ஐம்பது விநாடி நாற்பதாகி, பிறகு முப்பத்தைந்தாயிற்று. நட்சத்திரத்தின் முனைகள் இன்னும் சேரவில்லை. சேர்த்துவிடட்டுமா என்று தெய்ஜி கேட்டபோது, ஓடுகிற இஞ்சினில் எதற்கு நோண்டுகிறீர்கள் என்று சொல்லிவிட்டாள்.

பயம் போய்விட்டதா என்று அவனைக் கேட்டால் இல்லை என்பான். முன்னே அவனுக்கு மட்டும் இருந்தது, இப்போது தெரு முழுக்க இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். கார் நின்றால் தபால்காரர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். டோஃபு விற்பவள் பாதிப் பேச்சில் நிறுத்துவாள். மீன் பேரம் பேசுகிறவர்கள் விரலை நீட்டியபடி இருப்பார்கள். இஞ்சின் பிடித்ததும் விட்ட இடத்திலிருந்து மீதி வார்த்தையைச் சொல்லி முடிப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் மரியாதைக் குறைவாகத் தெரிகிறது. பத்து மணிக்கு ஒலிபெருக்கி ஊதும். தெய்ஜி சிகரெட்டை அணைத்து, பச்சைத் தேநீரில் இரண்டு தடவை வாய் கொப்பளித்துத் தெருவில் துப்பிவிட்டு, எண்ணெய் டின்மேல் உட்காருவான்.